15 மீட்டரும் ஒரு தென்னை மரமும்

மாமாவின் தோப்பு கிணத்துக்கடவுக்குத் தெற்கே, பொள்ளாச்சி ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருக்கிறது. வேர் வாடல் நோய் கேரளத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததிலிருந்து தென்னை வைத்திருக்கும் யாருக்கும் நிம்மதி இல்லை. ஓலை மஞ்சளடித்துத் துவண்டு தொங்க ஆரம்பிக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் எந்த மரத்தில் எவ்வளவு என்று பிடிபடாது. "உன்ற மிஷினை ஒரு நாளைக்குக் கொண்டா மாப்ள, மேல இருந்து பாத்துரலாம்" என்று மாமா கேட்டிருந்தார். அதற்காகத்தான் அன்று போனேன்.

மிஷின் என்று அவர் சொன்னது நானே கட்டிய ட்ரோன். நான்கு மோட்டார், ஒரு ஜிபிஎஸ், ஃப்ளைட் கன்ட்ரோலர் என்ற சின்னக் கணினிப் பலகை, அதில் ட்ரோனை இயக்கும் ஆர்டுபைலட் மென்பொருள். பேட்டரியோடு சேர்த்து 1.4 கிலோ. லேப்டாப்பில் தோப்பின் வரைபடத்தைத் திறந்து, உழவு சால் மாதிரி போய்த் திரும்பும் கோடுகளைப் போட்டு, உயரம் 40 மீட்டர் என்று கொடுத்தேன். அது தானாக எழுந்து, தானாகப் படம் எடுத்து, 11 நிமிடத்தில் புறப்பட்ட இடத்திலேயே வந்து உட்கார்ந்தது. ரிமோட் என் கையில் இருந்தது. ஒரு தடவைகூட அதைத் தொட வேண்டியிருக்கவில்லை.

அப்புறம்தான் தப்பு நடந்தது. பேட்டரி மாற்றிவிட்டு, இரண்டு வரிசைக்கு நடுவே தாழ்வாக, நானே ரிமோட்டில் ஓட்டினேன். தண்டுப் பகுதியைக் கிட்டத்தில் பார்க்க ஆசை. ஆள் உயரத்துக்கு மேலே கொஞ்சம், அவ்வளவுதான். ஐம்பது அறுபது மரம் தாண்டியதும், நடுவில் இருந்த அத்தனை தண்டுகளும் மோட்டார் ரூம் சுவரும் சேர்ந்து சிக்னலை மறைத்துவிட்டன. ரிமோட்டோடு தொடர்பு அறுந்தால் கிளம்பின இடத்துக்குத் திரும்பி வா என்பது அதற்குக் கொடுத்திருந்த கட்டளை. அது கீழ்ப்படிந்தது. நேராக 15 மீட்டர் உயரத்துக்கு ஏறியது. என் பக்கம் திரும்பியது. நேர்கோட்டில் வந்தது. நடுவில் நின்ற மரம் 20 மீட்டருக்கு மேலே. தொங்கிக்கொண்டிருந்த மட்டையில் அடித்து, குலைக்கும் மட்டைக்கும் இடையில் சொருகிக்கொண்டது.

அன்று தேங்காய் பறிப்பும் நடந்துகொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. மரமேறும் அண்ணன் ஏறி, ட்ரோனை ஒரு கையில் பிடித்தபடி இறங்கினார். ட்ரோனின் ஒரு கை முறிந்திருந்தது, இரண்டு ப்ரொப்பெல்லர் போயிருந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏந் தம்பி, மரத்துல போய் மோதறப்ப இதை யாரு ஓட்டுனது?"

"நான் ஓட்டலீங்ணா. லைன் கட்டாயிருச்சு. அதுவாத் திரும்பி வந்துச்சு."

"அதுவா வந்துச்சுன்னா, வழியில மரம் இருக்கறது அதுக்குத் தெரியோணுமல்ல?"

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இத்தனை மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த 15 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆர்டுபைலட்டில் திரும்பி வரும் உயரம் என்று ஒரு அமைப்பு உண்டு. யாரும் மாற்றாவிட்டால் அதில் 15 மீட்டர்தான் இருக்கும். ஓட்டு வீடும் சின்ன மரங்களும் உள்ள ஊரில் அது போதும். தென்னந்தோப்பில் அது மரத்தின் கழுத்துக்கு நேரான உயரம். மென்பொருளை எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த எண்ணை மாற்று என்று கையேட்டில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். மாற்றாதது நான். 40 மீட்டரில் தானாகப் பறந்த பகுதிக்கு அவ்வளவு கவனமாகத் திட்டம் போட்டேன். கையால் ஓட்டும் பகுதியில் அதுவும் ஒரு நிமிடம் தானாகப் பறக்கக்கூடும் என்பதை நினைக்கவே இல்லை.

தானாகப் பறப்பது என்பது பொழுதுபோக்காளர்களுக்குப் புதிய விஷயம் கிடையாது. மேனார்ட் ஹில் என்ற அமெரிக்கர் 2003 ஆகஸ்டில் பால்சா மரத்தில் கட்டிய ஒரு மாடல் விமானத்தை கனடாவின் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து விட்டார். எரிபொருளோடு சேர்த்து 5 கிலோவுக்குள் அடங்கிய விமானம். கிட்டத்தட்ட 39 மணி நேரம் அட்லாண்டிக் மேலே ஜிபிஎஸ் துணையோடு தானாகப் பறந்து, 3,000 கிலோமீட்டர் தாண்டி, அயர்லாந்துக் கடற்கரையில் இறங்கியது. அப்போது ஹில்லுக்கு வயது 77. கண் பார்வை பெரும்பாலும் போய்விட்டிருந்தது, காதும் சரியாகக் கேட்காது. விரலால் தடவித் தடவித்தான் விமானங்களைக் கட்டினார். நான் சோர்ந்து போகும்போதெல்லாம் நினைத்துக்கொள்ளும் மனிதர் அவர்.

ஆனால் ஹில் செய்ததை எல்லோரும் செய்ய முடியாது. எல்லோருக்கும் எட்டியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, விளையாட்டுச் சாமான்கள் வழியாக. நின்டெண்டோ வீ என்ற வீடியோ கேமின் கைப்பிடிக்குள் சாய்வையும் அசைவையும் அளக்கும் சென்சார்கள் மலிவாக வந்தன. ஒரு காலத்தில் விமானத்திலும் ஏவுகணையிலும் மட்டும் இருந்த சமாச்சாரம் திடீரென்று பொம்மைக் கடையில் கிடைத்தது. மெக்சிகோவிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வந்து, கிரீன் கார்டுக்காகக் காத்துக்கொண்டிருந்த இருபது வயது இளைஞர் ஜோர்டி முனியோஸ், அந்தச் சென்சாரைப் பிய்த்து எடுத்து ஒரு பொம்மை ஹெலிகாப்டரில் பொருத்தினார். பிள்ளைகளோடு லெகோ பொம்மைக் கட்டைகளை வைத்து, விமானத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோபைலட் செய்துகொண்டிருந்த பத்திரிகை ஆசிரியர் கிறிஸ் ஆண்டர்சன் அவரைக் கண்டுபிடித்தார். இருவரும் சேர்ந்து 2009-இல் நிறுவனம் தொடங்கினார்கள். ஆர்டுபைலட் அந்த வட்டத்திலிருந்து வந்தது. அதே காலத்தில் சூரிச்சில் லோரென்ஸ் மையர் என்ற மாணவர் பிக்ஸ்ஹாக் என்ற ஃப்ளைட் கன்ட்ரோலர் வேலையை ஆரம்பித்திருந்தார். இன்று உலகம் முழுக்கப் பல ட்ரோன்கள் பேசும் மாவ்லிங்க் என்ற மொழியும் அவருடையதுதான். இதையெல்லாம் பணம் வாங்காமல் பொதுவில் வைத்தார்கள். கோவையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து என்னால் ட்ரோன் கட்ட முடிகிறது என்றால் அதற்கு இந்தத் தாராளம்தான் காரணம்.

என் மேஜையில் இருக்கும் அந்தச் சின்னப் பலகை விநாடிக்கு 400 தடவை சென்சார்களைப் படித்து, நான்கு மோட்டாருக்கும் எவ்வளவு வேகம் என்று முடிவு செய்கிறது. நான் கையால் ஓட்டுகிறேன் என்று சொல்லும்போதும் அதுதான் நடக்கிறது. நான் இந்தப் பக்கம் போ என்று சாய்க்கிறேன், எப்படிப் போவது என்பதை அது பார்த்துக்கொள்கிறது. காற்று அடித்தால் சமாளிப்பது அது. பேட்டரி இறங்கினால் திரும்புவது அது. தொடர்பு அறுந்தால் முழுப் பொறுப்பும் அதனுடையது.

இந்தியாவில் சட்டம் இதைப் பார்த்த விதம் ஒரே சீராக இல்லை. 2014 அக்டோபரில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஓர் அறிவிப்பு விட்டு, தனியார் யாரும் ட்ரோன் பறக்கவிடக் கூடாது என்றது. அடுத்த நான்கு ஆண்டுகள் எங்களுக்குத் திருட்டு வேலை செய்வது போன்ற காலம். 2018 டிசம்பரில் முதல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. அனுமதி இல்லாமல் எழும்பாது என்ற ஏற்பாட்டை அதில் வைத்தார்கள். அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்திலிருந்து கையெழுத்திட்ட அனுமதிக் கோப்பு வந்தால்தான் மோட்டாரே சுற்ற வேண்டும். கேட்கத் தெளிவாக இருந்தது. ஆனால் மென்பொருளின் மூல நிரலையே கையில் வைத்திருக்கும் ஒருவர் அந்த வரியை நீக்கிவிடலாம். அதனால் யாரும் பிரிக்க முடியாத, சான்று பெற்ற பெட்டிக்குள் அது இருக்க வேண்டும் என்று போனது. சொந்தமாக மென்பொருளைத் தொகுத்து ஏற்றும் ஆட்களுக்கு அங்கே இடம் இல்லை.

2021 மார்ச்சில் இன்னொரு விதித்தொகுப்பு வந்தது. அதிலும் படிவங்கள் மட்டும் 25. அப்புறம் ஜூன் 27 அன்று ஜம்மு விமானப்படைத் தளத்தில் ட்ரோன் மூலம் வெடிகுண்டு போட்டார்கள். சரி, இனிமேல் முழுசாக மூடிவிடுவார்கள் என்றுதான் நான் நினைத்தேன். நடந்தது நேர்மாறு. இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 25 அன்று, ட்ரோன் விதிகள் 2021 வெளியாயின. படிவங்கள் 5 ஆயின, 72 வகைக் கட்டணம் 4 ஆனது. விமான நிலையத்தைச் சுற்றி, அனுமதி வாங்கித்தான் பறக்க வேண்டிய மஞ்சள் மண்டலம் 45 கிலோமீட்டரிலிருந்து 12 கிலோமீட்டராகச் சுருங்கியது. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி வேண்டாம். பீளமேடு விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் இருக்கும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த 45-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாமாவின் தோப்பு பழைய வட்டத்துக்கு உள்ளே இருந்தது. இப்போது வெளியே இருக்கிறது. 2 கிலோ வரை, வியாபாரத்துக்கு இல்லாமல் பறக்கவிட பைலட் சான்றும் தேவையில்லை. அந்த விதிகளை எழுதியவர்கள் பயத்தை வைத்து எழுதவில்லை. அதை நான் மனதார மதிக்கிறேன்.

2022 பிப்ரவரியில் வெளிநாட்டில் முழுதாகச் செய்த ட்ரோன்களை இறக்குமதி செய்யத் தடை வந்தது. உதிரி பாகங்களுக்குத் தடையில்லை. வாங்கிப் பறக்கவிட நினைத்த பலர் அதற்குப் பிறகு கட்டிப் பழக ஆரம்பித்தார்கள். ரேடியோ விஷயத்தில்தான் தடுக்கி விழுவார்கள். ட்ரோனிலிருந்து லேப்டாப்புக்குத் தகவல் அனுப்பும் டெலிமெட்ரி ரேடியோ அமெரிக்காவுக்கென்று 915 மெகாஹெர்ட்ஸில் வரும். அந்த அலைவரிசை இங்கே செல்பேசிக்காரர்களுடையது. உரிமம் இல்லாமல் நாம் பயன்படுத்தக்கூடியது 865-இலிருந்து ஆரம்பிக்கும் சின்னப் பட்டை. ட்ரோன் சட்டத்தைப் படிப்பவர்கள்கூட இந்த அலைவரிசை விதியைப் படிப்பதில்லை.

எனக்கு இருக்கும் மனக்குறை வேறு. 2021 விதிகள் ட்ரோன்களை மூன்றாகப் பிரிக்கின்றன: தொலைவிலிருந்து ஒருவர் ஓட்டுவது, அதே மாதிரி ஓட்டும் மாடல், தானியங்கி. மாடல் என்பது 25 கிலோவுக்கு மிகாமல், கல்விக்கோ ஆராய்ச்சிக்கோ பொழுதுபோக்குக்கோ, கண்ணில் படும் தூரத்தில் ஓட்டுவது. அந்த ரக ட்ரோனைச் சோதித்துத் தரும் வகைச்சான்று அதற்கு வேண்டாம். வீட்டில் கட்டுபவர்களுக்கு அந்தக் கதவு திறந்திருக்கிறது. ஆனால் அது "தொலைவிலிருந்து ஓட்டும்" மாடல். வீட்டில் கட்டிய தானியங்கி என்று ஒன்றை அந்தப் பட்டியல் நினைத்துப் பார்க்கவில்லை. ஆராய்ச்சிக்கும் சோதனைக்கும் தனி விலக்கு இருக்கிறது, அது தாராளமான விலக்குதான். பதிவெண் வேண்டாம், பைலட் சான்று வேண்டாம், முன் அனுமதியும் வேண்டாம். ஆய்வு நிறுவனங்கள், கல்லூரிகள், அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்கள், ஜிஎஸ்டி எண் உள்ள தயாரிப்பாளர்கள் எல்லோரும் அதில் வருகிறார்கள். சொந்தத் தோப்பில் சொந்தக் காசில் சோதனை செய்யும் தனி ஆள் வரவில்லை. இதே ட்ரோனை நான் ஒரு கல்லூரி மைதானத்தில் மாணவனாக நின்று விட்டால் அது ஆராய்ச்சி. வரப்பில் நின்று விட்டால் அதற்குப் பெயர் இல்லை.

ஐரோப்பாவில் இதை இன்னும் நிதானமாகப் பிரித்திருக்கிறார்கள். முன்பே போட்ட பாதையில் தானாகப் போனாலும், பைலட் நினைத்தால் குறுக்கிட்டுக் கையில் எடுக்க முடியும் என்றால் அது தானே இயங்குவது மட்டும்தான். குறுக்கிடவே முடியாத பறப்புதான் முழுத் தானாட்சி. ஆபத்து குறைந்த பறப்புகளுக்கான எளிய பிரிவில் முதலாவதற்கு இடம் உண்டு, இரண்டாவதற்குக் கிடையாது. வீட்டில் கட்டியதற்கும் அங்கே தனி வரி எழுதியிருக்கிறார்கள்: 250 கிராமுக்குள், விநாடிக்கு 19 மீட்டருக்கு மிகாத வேகம் என்றால் கட்டுப்பாடு குறைவு. 25 கிலோவுக்குள் என்றால் ஆட்களிடமிருந்தும் குடியிருப்புகளிடமிருந்தும் விலகித்தான் பறக்க வேண்டும். சட்டப் புத்தகத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு வரி இருப்பதே எவ்வளவு பெரிய மரியாதை என்று அதைப் படித்தபோது தோன்றியது. அமெரிக்காவில் வேறு வழி. அங்கே பதிவு செய்ய வேண்டிய ட்ரோன் எதுவானாலும், வீட்டில் கட்டியதானாலும், தான் யார், எங்கே இருக்கிறேன் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே பறக்க வேண்டும். இல்லாவிட்டால் அதற்கென்று ஒதுக்கிய மைதானத்துக்குள் மட்டும் பறக்கலாம். பந்தய ட்ரோன்காரர்கள் நீதிமன்றம் போனார்கள், 2022 ஜூலையில் தோற்றார்கள். 2024 மார்ச்சிலிருந்து விதி கறாராகிவிட்டது.

அரசாங்கங்களின் பயத்தைப் புரிந்துகொள்ளாமல் இதைப் பேசினால் நேர்மையாக இருக்காது. 2025 ஜூன் 1 அன்று உக்ரைன் லாரிகளுக்குள் ஒளித்துக் கொண்டுபோன ட்ரோன்களால் ரஷ்யாவின் குண்டுவீச்சு விமானங்களைத் தாக்கியது. வெளியான காட்சிகளின் திரையில் எனக்குப் பழக்கமான எழுத்துகள் இருந்தன. ஆர்டுபைலட். என் மாமாவின் தென்னைகளைப் படம் எடுக்கும் அதே மென்பொருள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பொதுவில் வைத்த அறிவு எல்லோரிடமும் போகும், அதில் போர் நடத்துகிறவர்களும் உண்டு. அதற்காக அந்த அறிவைப் பூட்டிவைத்தால் போர் செய்பவர்களுக்கு ஒன்றும் குறையாது. அவர்களிடம் பணமும் ஆட்களும் இருக்கிறார்கள். இழப்பது வரப்பில் நிற்பவர்கள்தான். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

எனக்குப் பிடித்த விதி அரசாங்கத்தில் பிறந்ததில்லை. ஆஸ்திரேலியாவில் 2007-இல் தொடங்கிய ஒரு போட்டியில் பிறந்தது. காட்டில் வழிதவறிய "அவுட்பேக் ஜோ" என்ற பொம்மை மனிதனை ஆளில்லா விமானம் தேடிக் கண்டுபிடித்து, தண்ணீர் பாட்டிலைப் போட வேண்டும். வருடக்கணக்கில் யாராலும் முடியவில்லை. 2014-இல் கிங்கராய் ஊரில் கான்பெரா யுஏவி என்ற பொழுதுபோக்காளர் அணி வென்றது. அதில் இருந்தவர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல். ஆர்டுபைலட்டை இன்றைய நிலைக்கு வளர்த்தவர்களில் முக்கியமானவர். (2018-இல் அதே போட்டித் தொடரில் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தின் தக்ஷா அணி இரண்டாம் இடம் வாங்கியது, நடிகர் அஜித் குமார் அந்த அணிக்கு ஆலோசகராக இருந்தார் என்பதால் நம்மூரில் பலருக்கு அது ஞாபகம் இருக்கும்.) அந்தப் போட்டியில் எல்லை வேலி என்று ஒரு கட்டளை இருந்தது. விமானம் குறித்த எல்லையைத் தாண்டினால் அதுவே தன்னை வீழ்த்திக்கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் உழைத்துக் கட்டிய விமானமாக இருந்தாலும் சரி. கட்டியவர் யார், எந்த நிறுவனம், எத்தனை சான்று என்பதெல்லாம் அப்புறம். தொடர்பு போனால் இது என்ன செய்யும், ஜிபிஎஸ் போனால் என்ன செய்யும், எல்லை தாண்டினால் என்ன செய்யும், இதையெல்லாம் எழுதிக் காட்டிய பிறகே பறக்க விட்டார்கள்.

என்னிடம் கேட்க வேண்டியிருந்த கேள்வி அது. 1.4 கிலோ 15 மீட்டரிலிருந்து விழுந்தால், காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், தரையைத் தொடும்போது மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் வேகம். மட்டையில் சிக்காமல் கீழே வந்திருந்தால் அங்கே காய் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் இருந்தார்கள். எந்தச் சட்டத்தையும் மீறியதாக எனக்கு அன்று தோன்றவில்லை. எடையும் சரி, மண்டலமும் சரி, உயரமும் சரி, வியாபாரமும் இல்லை. ஆனாலும் அது விழுந்திருக்கலாம். ஓட்டுகிறவர் இருக்கிறாரா என்று பார்த்துப் பிரிக்கும் எந்தப் பட்டியலும் அந்த ஒரு நிமிடத்தைப் பிடிக்காது. ஏனென்றால் ஓட்டுகிறவர் இருந்த ட்ரோன்தான் அந்த ஒரு நிமிடம் ஓட்டுகிறவர் இல்லாததாக மாறியது. எல்லா ட்ரோனும் ஒரு நாள் அப்படி மாறும். வீட்டில் கட்டுகிறவர்களுக்கு நான் கேட்கும் சலுகை பெரிதாக ஒன்றும் இல்லை: எங்களுக்கும் ஒரு பெயர் கொடுங்கள், திறந்த வெளியில் கண்ணெதிரே தானாகப் பறக்கவிட இடம் கொடுங்கள். பதிலுக்கு, தொடர்பு போனால் இது என்ன செய்யும் என்று எழுதிய ஒற்றைத் தாளை எங்களிடம் கேளுங்கள். எழுதித் தருகிறோம். எழுதும்போதே பாதித் தப்பு எங்களுக்கே தெரிந்துவிடும்.

ட்ரோனைச் சரிசெய்து முடிக்க மூன்று வாரம் ஆயிற்று. அடுத்த பறிப்பு நாளில் மறுபடி போனேன். மரமேறும் அண்ணன் என்னைப் பார்த்ததும் சிரித்தார். இந்தத் தோப்பிலேயே உசரமான மரம் எதுங்ணா என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "மேக்கால வரிசைல மூணாவது. எங்கய்யன் காலத்து மரம்." ஏறும்போது கயிற்றின் ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு போனார். உச்சிக் குருத்து வரை கயிற்றைப் பிடித்துக் காட்டிவிட்டு இறங்கினார். தரையில் விரித்து டேப் வைத்தோம். 24 மீட்டர்.

லேப்டாப்பில் திரும்பி வரும் உயரம் 35 என்று போட்டேன். எல்லை வேலியையும் போட்டேன். இந்தத் தடவை தொடர்பை நானே அறுத்துப் பார்ப்பது என்று முடிவு. மிஷினை மேற்கு வரிசைக்கு அந்தப் பக்கம் தாழ்வாகக் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"அண்ணா, இப்ப ரிமோட்டை அணைக்கப் போறேன்."

"இருங்க தம்பி." ஒவ்வொரு மரத்திலும் குலையை வெட்டும் முன் அவர் கீழே பார்த்துக் குரல் கொடுப்பது வழக்கம். இப்போது தரையில் நின்றபடியே, தோப்பு முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டார்: "எல்லாரும் வெளிய வந்துருங்கோ! மேல மிஷின் வருது!" பெண்கள் கூடையை வைத்துவிட்டு வாய்க்கால் பக்கம் ஒதுங்கினார்கள். கடைசி ஆளும் வெளியே வந்ததை எண்ணிப் பார்த்துவிட்டு என்னிடம் தலையாட்டினார்.

அணைத்தேன். கொஞ்ச நேரம் அது அங்கேயே நின்றது. அப்புறம் ஏற ஆரம்பித்தது. மட்டையைத் தாண்டி, குலையைத் தாண்டி, அவருடைய அய்யன் காலத்து மரத்தின் குருத்தையும் தாண்டி ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம்.